மறு: பையான் சிதைவு வரைபடத்தில் எழும் மேடு – 'திமில்' என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பையான் என்ற நுண்துகள் சிதையும்போது வரும் காமாக்கதிர்களின் ஆற்றல் வரைபடத்தில் எழும் மேட்டைத் தமிழில் 'முகடு' என்று சொல்லலாம் என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. மலைமுகடு, அலைமுகடு என்றதும் கண் நேரே உச்சிக்குப் போய்விடுகிறது. இங்கே வானியலாளர்கள் தேடுவது உச்சியை அல்ல, அதன் இடப்பக்கச் சரிவை.

விண்மீன் வெடித்த எச்சத்தின் அதிர்வலையில் புரோட்டான்கள் முடுக்கம் பெற்று அண்டக்கதிர்கள், அதாவது விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்கள், ஆகின்றன என்பது பழைய எண்ணம். நிரூபிப்பதுதான் பாடு. மின்னூட்டம் கொண்ட புரோட்டானை வழியெல்லாம் காந்தப்புலங்கள் திருப்பிவிடுகின்றன. நம்மிடம் வந்து சேரும்போது அதன் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. மின்னூட்டம் இல்லாத காமாக்கதிர் நேராக வரும். சரி, ஆனால் காமாக்கதிரை எலக்ட்ரான்களும் உண்டாக்குமே? அங்கேதான் பையான் உதவுகிறது. வேகமான புரோட்டான் சுற்றியுள்ள வாயுவில் மோதினால் நடுநிலைப் பையான் பிறந்து, உடனே இரண்டு காமாக்கதிர்களாகச் சிதைகிறது. அசையாமல் நின்ற பையான் என்றால் ஒவ்வொரு கதிருக்கும் 67.5 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல். பையான்கள் ஓடிக்கொண்டிருப்பதால் அந்த ஆற்றல் இருபுறமும் பரவுகிறது.

ஃபெர்மி விண்தொலைநோக்கிக் குழு 2013இல் ஐ.சி. 443, டபிள்யூ 44 என்ற இரு எச்சங்களுக்கு வெளியிட்ட வரைபடங்களில் விரலை வைத்து வலமிருந்து இடமாக, அதாவது ஆற்றல் குறையும் பக்கமாக, நகர்த்திப் பாருங்கள். சுமார் 200 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே விரல் சட்டென்று இறங்கும். புரோட்டானின் கைரேகை அந்த இறக்கம்தான்.

ஆகவே 'பையான் திமில்' என்கிறேன். மாட்டின் முதுகுக் கோடு எங்கே எழும்புகிறது, எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் திமில் என்ற ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. திமிலைப் பார்த்தே மாட்டின் இனத்தைச் சொல்லிவிடலாம். இதைப் பார்த்துப் புரோட்டான் என்று சொல்லிவிடலாம். 'புடைப்பு' என்றால் அடிபட்டு வீங்கியதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம், 'எச்சம்' என்றால் பறவை எச்சம் போலிருக்கிறது என்ற மறுப்பு. எஞ்சியது எச்சம், வினையெச்சம், பெயரெச்சம் என்று பள்ளியிலேயே பழகிய சொல். அதை மாற்ற வேண்டாம்.

"டபிள்யூ 44இன் ஆற்றல் நிறமாலையில் பையான் திமில் தெளிவாகத் தெரிகிறது." வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். எங்காவது இடறினால் எழுதுங்கள்.