மாசக் கடைசி இன்சென்டிவ் ஏன் இழுக்கவில்லை? (ஏடிஹெச்டி, பெரியவர்கள்)

நெய்தல்: ஏடிஹெச்டி (கவனக் குறைவு, அதீத துறுதுறுப்புக் கோளாறு) என்றாலே "டோபமைன் குறைவு" என்கிறார்கள், அதாவது ஊக்கம் தரும் மூளை ரசாயனம் குறைவு என்று. அப்படியானால் கேம் மட்டும் விடிய விடிய ஆட முடிவது எப்படி? மாசக் கடைசியில் வரும் இன்சென்டிவுக்கு ஏன் கை நகர மாட்டேன் என்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்: "குறைவு" என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. 2009-ல் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, மருந்து எடுக்காத ஏடிஹெச்டி பெரியவர்கள் 53 பேரையும் ஏடிஹெச்டி இல்லாத 44 பேரையும் பெட் ஸ்கேனில் (மூளையின் ரசாயன அமைப்பைக் காட்டும் ஸ்கேன்) ஒப்பிட்டது. நியூக்ளியஸ் அக்கும்பென்ஸிலும் (மூளையின் பரிசு மையம்) நடுமூளையிலும் டோபமைன் ஏற்பிகளும் (டோபமைனைப் பிடிக்கும் இடங்கள்) டிரான்ஸ்போர்ட்டர்களும் (அதைத் திரும்ப உறிஞ்சுபவை) ஏடிஹெச்டி குழுவில் குறைவாகத் தெரிந்தன. டோபமைன் எவ்வளவு சுரக்கிறது என்பதை அந்த ஸ்கேன் நேரடியாக அளக்கவில்லை.

எஃப்எம்ஆர்ஐ (வேலை செய்யும் மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன்) ஆய்வுகள் இன்னும் சுவாரஸ்யம். திரையில் ஒரு குறி வரும். சட்டென்று பட்டனை அமுக்கினால் காசு. குறியைப் பார்த்துக் காசை எதிர்பார்க்கும் அந்தச் சில விநாடிகளில்தான் ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் (அந்தப் பரிசு மையம் இருக்கும் பகுதி) மந்தமாக இருக்கிறது. காசு கைக்கு வந்த பிறகு அந்த வித்தியாசம் அவ்வளவு சீராகத் தெரிவதில்லை. கேமில் காத்திருப்பே கிடையாது, அடித்தவுடன் பாயின்ட். இன்சென்டிவ் முழுக்க முழுக்க எதிர்பார்ப்பு. (இதெல்லாம் குழுச் சராசரி. ஸ்கேன் எடுத்து ஏடிஹெச்டி கண்டுபிடிக்க முடியாது.)

பூரணி: கணக்காகவே போடலாம். இன்றைய மதிப்பு = தொகை ÷ (1 + கே × நாள்). 'கே' என்பது தாமதம் எவ்வளவு கடிக்கிறது என்பது. ஏடிஹெச்டியில் சராசரியாக அது கூடுதல். உதாரணத்துக்கு 30 நாள் கழித்து 1000 ரூபாய்: கே 0.01 என்றால் மனசுக்கு 769 ரூபாய், 0.05 என்றால் 400. அந்த 0.05 ஆளுக்குத் தொகையை 2000 ஆக்கினாலும் 800தான். அதே ஆயிரத்தை 2 நாளில் கொடுங்கள், 909. முதலாளிகள் தொகையைத்தான் கூட்டுவார்கள், நாளைக் குறைக்க மாட்டார்கள்.

மருதன்: நடைமுறையில் 15-20 நிமிடத் துண்டாக வெட்டுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்றால் "ஃபைல் பண்ணணும்" என்று எழுதாதீர்கள். "10 பர்ச்சேஸ் பில் என்ட்ரி, உடனே டீ". சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடத்தில். டீ ஏற்கெனவே பிளாஸ்கில் இருந்தால் வேலைக்கு முன்பே குடித்துவிடுவீர்கள், அதனால் பரிசு இன்னொருவர் கையில் இருக்கட்டும். ரீல்ஸைப் பரிசாக வைத்தால் அதற்கு முடிவே கிடையாது. ஒரே பரிசு சீக்கிரம் புளித்துப்போகும், மாற்றிக்கொண்டே இருங்கள்.

நெய்தல்: நன்றி. மாத்திரை போட்டால் இதெல்லாம் தேவைப்படாதா?

கதிர்: தேவைப்படும். ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை அந்த டிரான்ஸ்போர்ட்டரை அடைக்கும். வெளிவந்த டோபமைன் உடனே திரும்ப உறிஞ்சப்படாது. சலிப்பான வேலையிலும் கொஞ்சம் பிடிப்பு வரும். எந்த வேலை என்பதை மாத்திரை தேர்ந்தெடுக்காது. மருந்து ஏறும் நேரத்தில் போன் கையில் இருந்தால் பிடிப்பு போனில்தான் விழும். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்த்து டோஸ் முடிவு செய்வது மனநல மருத்துவர் வேலை.