கலைச்சொல் வேண்டும்: பயோஃபோர்ட்டிஃபிகேஷன்

அனைவருக்கும் வணக்கம்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 பற்றிய கையேடு ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. பசியைப் போக்க வேளாண் ஆராய்ச்சியில் முதலீட்டைக் கூட்ட வேண்டும் என்று அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்கிறது. அதை விளக்கும் பத்தியில் 'பயோஃபோர்ட்டிஃபிகேஷன்' வருகிறது. பயிர் வயலில் நிற்கும்போதே தானியத்தில் இரும்பு, துத்தநாகம் போன்றவை கூடுதலாகச் சேரும்படி செய்வதுதான் அது. வரைவில் 'உயிரிச் செறிவூட்டல்' என்று போட்டிருக்கிறோம். வேளாண் விரிவாக்க அலுவலர்களும் ரேஷன் கடைப் பணியாளர்களும் படிக்கப்போகும் நூல். இந்தச் சொல் நிற்குமா?

*

> உயிரிச் செறிவூட்டல்

முன்பாதியே சிக்கல். 'உயிரி உரம்' என்றால் உழவருக்கு அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர்ப் பொட்டலம். 'உயிரிப் பூச்சிக்கொல்லி' என்றால் பூஞ்சாணமோ பாக்டீரியாவோ. அந்த வரிசையில் 'உயிரிச் செறிவூட்டல்' என்று படிப்பவர், விதைநேர்த்திக்கு ஏதோ நுண்ணுயிர்க் கலவை தருகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். மீனின் உடலில் பாதரசம் சேர்வதைச் சொல்லவும் 'உயிரிச் செறிவு' பொருந்திவிடும். ஒரே சொல் நஞ்சுக்கும் ஊட்டத்துக்கும் ஆகாது.

'உயிரி'க்குப் பதில் 'விதைவழி' என்று போடலாமே என்றால், அந்த முன்னொட்டும் போதாது. இதற்கு வழிகள் மூன்று. முதலாவது இனக்கலப்பு: 2016-ல் வெளியான 'டிஆர்ஆர் தான் 45' என்ற நெல் ரகத்தில், தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம். பரவலாகப் பயிராகும் ரகங்களில் இது 12 முதல் 16 வரை. இரண்டாவது மரபணு மாற்றம்: பீட்டா கரோட்டின் கொண்ட பொன்னரிசி. மூன்றாவது இலைவழித் தெளிப்பு, இதில் விதைக்கு வேலையே இல்லை.

தெளிப்பைக் கையேட்டில் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள், தவறு நடப்பதே அங்குதான். துத்தநாக சல்பேட் 0.5 சதவீதக் கரைசல், அதாவது 10 லிட்டர் டாங்குக்கு 50 கிராம். அதோடு 25 கிராம் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். பாஸ்பேட் உரத்தோடு கலந்தால் துத்தநாகம் கரையாத உப்பாகி டாங்கின் அடியில் படிந்துவிடும். தெளிக்க வேண்டிய நேரம் பூட்டைப் பருவத்திலும் (கதிர் வெளிவருமுன் உறைக்குள் புடைத்திருக்கும் சமயம்), பூத்த பிறகு பால் பிடிக்கும் சமயத்திலும். மண்ணில் மட்டும் இட்டால் விளைச்சல் கூடலாம், தானியத்தில் துத்தநாகம் அந்த அளவுக்கு ஏறாது.

*

ஐயா சொன்னதை ஏற்கிறேன். என் தயக்கம் பின்பாதியில். 'செறிவூட்டல்' ஏற்கெனவே ரேஷன் அரிசிக்குக் கொடுத்துவிட்ட சொல். 'செறிவூட்டப்பட்ட அரிசி' வயலில் விளைந்தது அல்ல. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து உலர்த்துகிறார்கள். அந்த மணிகளில் 1 கிலோவை 100 கிலோ சாதா அரிசியில் கலக்கிறார்கள். கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும்.

அரிசி களையும்போது இந்த மணிகளில் சில மிதக்கும். நிறமும் சற்று மாறுபடும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று அவற்றைப் பொறுக்கி எறிகிறார்கள், சத்து அப்படியே கழுநீரோடு போகிறது. வயலில் சத்துச் சேர்ந்த நெல்லில் பொறுக்கி எறிய எதுவும் கிடையாது, மணிக்கு மணி ஒன்றே. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கடைப் பணியாளர் இதற்கும் 'மிதப்பதைக் கொட்டாதீர்கள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று. பிரிவு 2(6) உணவுப் பாதுகாப்பை 'உரிமையுள்ள அளவு' தானியமும் உணவும் வழங்குவதாக வரையறுக்கிறது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. கிலோவுக்கு 14 மில்லிகிராம் துத்தநாகம் உள்ள அரிசி என்றால் மாதம் 70 மில்லிகிராம், டிஆர்ஆர் தான் 45 என்றால் 113. தராசுக்கு இரண்டும் 5 கிலோதான். அந்த 43 மில்லிகிராமைச் சுட்டத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

*

அப்படியானால் வினையையே மாற்றிப் பார்ப்போமா? ஊட்டல் பிறவினை: ஒருவர் ஊட்டுகிறார், தானியம் வாங்கிக்கொள்கிறது. ஆலையில் கலப்பதற்கு அது சரி. பயிரில் நடப்பது தன்வினை, சத்து வேரிலிருந்தும் இலையிலிருந்தும் மணிக்கு ஏறுகிறது. விலையேற்றம் போல சத்தேற்றம். முழுப்பெயர் 'பயிர்வழிச் சத்தேற்றம்'. அத்தகைய பயிர் சத்தேறு பயிர்.

வினைத்தொகை இங்கே அழகுக்காக அல்ல. போன போகத்தில் ஏறியது, இந்தப் போகத்தில் ஏறுகிறது, எடுத்துவைத்த விதையிலும் ஏறும். டிஆர்ஆர் தான் 45 நெல்லுக்கும், இரும்பு மிகுந்த 'தனசக்தி' என்ற கம்பு ரகத்துக்கும் இது பொருந்தும். வீரிய ஒட்டு ரகமானால் விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டும், தெளிப்பானால் ஒவ்வொரு போகமும் தெளிக்க வேண்டும். அதைக் கையேட்டில் தனியாகச் சொல்லிவிடலாம்.

*

சத்தேற்றம் நன்று. 'சத்து' வேண்டாம், 'ஊட்டம்' போடுங்கள் என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: சத்துமாவு, சத்துணவு, இரும்புச்சத்து என்று வீடெல்லாம் புழங்கும் சொல் அது. இருக்கட்டும்.

எனக்கு உள்ள கவலை வேறு. 'சத்தேறு நெல்' என்று மூட்டையில் அச்சிட்டால் எல்லாச் சத்தும் இருப்பதாகத் தோன்றும். நெல்லில் இரும்பு பெரும்பாலும் தவிட்டில் தங்கி, தீட்டும்போது உதிர்ந்துவிடும். துத்தநாகம் உள்மணியிலும் பரவியிருப்பதால் அந்த அளவுக்குப் போகாது. துத்தநாக நெல் கைகூடியதற்கும் இரும்பு நெல் இழுத்துக்கொண்டே போவதற்கும் இதுவே முக்கியக் காரணம். ஆகவே பொதுப்பெயர் 'சத்தேறு பயிர்' என்று இருக்கட்டும். குறிப்பிட்ட ரகத்தைச் சொல்லும்போது 'துத்தநாகமேறு நெல்', 'இரும்பேறு கம்பு' என்று எந்தச் சத்து என்பது பெயரிலேயே வர வேண்டும். பக்கத்தில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், தீட்டியதிலா தீட்டாததிலா என்பதும்.

*

நன்றி. வரைவைத் திருத்திவிட்டேன்:

"ஆலையில் சத்து மணிகளைக் கலப்பது செறிவூட்டல். வயலிலேயே தானியத்தில் சத்துக் கூடச் செய்வது பயிர்வழிச் சத்தேற்றம். எடுத்துக்காட்டு: துத்தநாகமேறு நெல் (டிஆர்ஆர் தான் 45, தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம்). இந்த அரிசியில் தனி மணிகள் எதுவும் கலக்கப்படவில்லை."

தெளிப்பு அளவுகளைப் பின்னிணைப்பில் தனிப் பக்கமாகச் சேர்க்கிறேன்.