சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலை: பகலில் வண்டி விடலாமா, வேண்டாமா?

கொண்டித்தோப்புக்காரன்

போன வாரம் அம்மாவைக் கந்தகோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி நடந்தோம். ஆட்டோ, பைக், குட்டி யானை லோடு வண்டி எல்லாம் ஒரே சாலையில். முழங்கால் வலிக்காரியை நடுரோட்டில்தான் நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. பூக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பைக்கின் கைப்பிடி அம்மாவின் தோளில் இடித்தது. "இனிமேல் கோயிலுக்கு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

என் கருத்து இதுதான்: பாரிமுனையிலிருந்து தங்கசாலை வரை, காலை 10 முதல் இரவு 8 வரை மோட்டார் வண்டியே வரக்கூடாது. பாண்டி பஜாருக்கு 2019 நவம்பரில் அகலமான நடைபாதை கிடைத்தது. வட சென்னைக்கு மட்டும் ஏன் கிடையாது? டெல்லி சாந்தினி சவுக்கைப் பாருங்கள். 2021-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். செங்கோட்டையிலிருந்து ஃபதேபூரி மசூதி வரை காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்குத் தடை. அதுவும் நம் சவுகார்பேட்டை மாதிரி மொத்த வியாபாரம் நடக்கிற இடம்தான்.

மொத்தக்கடை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு

தம்பி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது. ஆனால் பாண்டி பஜாரை இங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள். அங்கே வாங்குபவர் கையில் ஒரு பையோடு போய்விடுவார். என் கடைக்கு வருபவர் ஆந்திராவில் நாயுடுப்பேட்டையில் கடை வைத்திருப்பவர். மூன்று கட்டு சரக்கு எடுப்பார். அந்தக் கட்டு மதியத்துக்குள் பார்சல் ஆபீஸ் போனால்தான் மறுநாள் காலை அவர் கடையில் இருக்கும்.

இரவு 8 மணிக்கு மேல் ஏற்றலாமே என்பீர்கள். என் கடைப் பையன்களில் இரண்டு பேர் கும்மிடிப்பூண்டி ரயிலில் வீட்டுக்குப் போகிறவர்கள். ராத்திரி லோடு ஏற்றிவிட்டு அவர்கள் எப்போது போய்ச் சேர்வது? தெருவுக்குள் மாடியில் குடும்பங்கள் இருக்கின்றன. நள்ளிரவில் கட்டு உருட்டினால் அவர்கள் எப்படித் தூங்குவார்கள்?

இன்னொன்று, பெரிய சாலையை மூடினால் அந்த வண்டியெல்லாம் எங்கே போகும்? தேவராஜ முதலி தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும்தான். அங்கே இன்ஜின் மாட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி இரண்டு எதிரெதிரே வந்தாலே அரை மணி நேரம் நிற்கும். இதற்கிடையில் பிராட்வே பஸ் நிலையத்தையும் குறளகம் கட்டடத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் பாரிமுனைக்கு யாருமே வர மாட்டார்கள்.

1996-ல் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றியபோதும் 'நெரிசல் குறையும்' என்றுதான் சொன்னார்கள். என் பெரியப்பா அங்கே வெங்காய மண்டியில் கணக்கு எழுதியவர். கோயம்பேட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை, வேலையை விட்டுவிட்டார். மண்டி முதலாளிக்கு அங்கே கடை கிடைத்தது. பெரியப்பாவுக்கு என்ன கிடைத்தது?

கொண்டித்தோப்புக்காரன்

அண்ணே, கொத்தவால்சாவடியில் சந்தையையே தூக்கிக்கொண்டு போனார்கள். நான் சந்தை இருக்கட்டும், வண்டி மட்டும் ஒதுங்கட்டும் என்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

உங்கள் பக்கத்துத் தெருக்களில் பிளாஸ்டிக், கெமிக்கல், காகிதம் என்று எல்லாம் எரியக்கூடிய சரக்கு. இன்று மதியம் தீப்பிடித்தால் பாரிமுனையிலிருந்து ஒரு தீயணைப்பு வண்டி பூக்கடை வரை வர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்திருக்கிறீர்களா? பெரிய சாலை காலியாக இருந்தால் அதன் வழியே உள்ளே வரலாம். உங்கள் கடைக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரிப்பன்கடைப் பொண்ணு

இரண்டு பேரும் ஆட்டோவைச் சொன்னீர்கள், லோடு வண்டியைச் சொன்னீர்கள். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் அம்மா தேவராஜ முதலி தெரு முனையில் 22 வருஷமாக ரிப்பன், ஹேர்பின், வளையல் விற்கிறார். நான் பி.காம். படித்தது அந்தத் தார்ப்பாய்க்கு மேல் இருந்த சரக்கில்தான்.

அண்ணா, நீங்கள் அழகாக இருக்கிறது என்று காட்டும் பாண்டி பஜாரில், பிளாட்பாரக் கடைக்காரர்களை அதற்கு முன்பே மாடிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூர் மார்க்கெட்டும் அப்படித்தான். 1985 மே மாதம் எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது, வியாபாரிகள் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்குப் போனார்கள். அங்கே பழைய கூட்டம் போய்ச் சேரவே இல்லை. வழியில் நடந்து போகிறவர் குனிந்து பார்த்து வாங்குவதுதான் எங்கள் வியாபாரம். படியேறி வந்து 10 ரூபாய் ரிப்பன் யார் வாங்குவார்கள்?

எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கு 1969-ல் சாலையோரமாகவே இடம் கொடுத்தார்கள். பர்மா பஜார் இன்றும் நிற்கிறது. ஜனம் நடக்கிற வழியிலேயே இடம் கொடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

2014-ல் தெரு வியாபாரிகளுக்கென்று சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் எழுப்பக் கூடாது. அந்தச் சட்டப்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காடு வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. இந்தச் சாலையில் எத்தனை முறை எழுப்பினார்கள், அம்மா எத்தனை முறை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினார் என்பது எனக்குத் தெரியும். முதலில் எங்களுக்கு இடத்தைக் கோடு போட்டுக் கொடுங்கள். அப்புறம் கல் பதியுங்கள்.

மீன்பாடி வண்டி

எங்கப்பா வியாசர்பாடியிலிருந்து தினமும் வண்டி எடுத்துவந்து இங்கே லோடு அடிக்கிறார். மோட்டார் வண்டிக்குத் தடை என்றால் முதலில் பிடிபடுவது நாங்கள்தான். பழைய பைக் இன்ஜின் மாட்டிய வண்டிக்குப் பதிவு எண் கிடையாது. பேட்டரி வண்டி வாங்கக் கடன் ஏற்பாடு செய்துவிட்டுத் தடை போட்டால் நான் இந்தப் பக்கம் கை தூக்குவேன். அது இல்லாமல் முடியாது.

மொத்தக்கடை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு

சரி, ஒன்று செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாலையை மூடிப் பாருங்கள். அன்றைக்கு எங்கள் மொத்தக்கடைகள் பெரும்பாலும் லீவு. யாருக்கும் நஷ்டமில்லை.

ரிப்பன்கடைப் பொண்ணு

அண்ணாச்சி, உங்கள் கடை ஷட்டர் மூடியிருக்கும் அன்றுதான் அதன் முன்னால் எங்களுக்கு வியாபாரம். வாரத்தில் பெரிய நாளே ஞாயிறுதான். அன்றைக்குச் சாலை மூடினால் ஜனம் இன்னும் நிறைய வரும், எங்களுக்கு நல்லதுதான். ஆனால் 'நடைபாதையைச் சுத்தமாக வைக்கிறோம்' என்று அன்றைக்கே எங்களையும் எழுப்பினால் அந்த வாரம் வீட்டில் அடுப்பு எரியாது.

மொத்தக்கடை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு

அது எனக்குத் தோன்றவில்லை அம்மா. உண்மைதான். ஆனாலும் வேலை நாளில் 10 முதல் 8 என்பதற்கு நான் ஒப்ப மாட்டேன். மதியம் 1 முதல் 3 வரை லோடு வண்டிக்குத் திறந்துவிட்டால் யோசிக்கலாம். அதற்கும் எங்கள் தெரு ஒருவழியாக வேண்டும்.

கொண்டித்தோப்புக்காரன்

இரண்டு மணி நேரம் திறந்தால் அதுவே நான்கு மணி நேரம் ஆகும் என்று பயமாக இருக்கிறது அண்ணே. தடையில் நான் பின்வாங்கவில்லை. ஆனால் தங்கச்சி சொன்னது சரி. நான் எழுதும்போது பிளாட்பாரத்தை இடைஞ்சல் என்று நினைத்துத்தான் எழுதினேன். அம்மா தோளில் இடித்தது பைக்தான், ரிப்பன் கூடை இல்லை.

சனிக்கிழமை காலை 11 மணிக்கு வருகிறேன். நடப்பவர், வண்டி, கட்டு, கடை எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் நின்று எண்ணலாம் என்று பார்க்கிறேன். அண்ணே, நீங்களும் கடையிலிருந்து ஒரு பையனை அனுப்புங்கள்.

ரிப்பன்கடைப் பொண்ணு

11 மணிக்கு வெயில் அதிகம், 10 மணிக்கே வாருங்கள். தெரு முனையில் பச்சைக் குடை போட்டிருப்பார், அதுதான் அம்மா. உங்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள், உட்கார எங்களிடம் ஒரு ஸ்டூல் இருக்கிறது.