அப்டேட்: ஹோட்டன் சமவெளி போக முடியாமப் போன ஞாயிறு

ஞாயித்துக்கிழமை இலங்கை மலைநாட்டுல இருக்கிற ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்கு போறோம், மழை வந்தா வேற எங்க போகலாம்னு கேட்டிருந்தேன்ல, அதுக்கு அப்டேட். விடியக்காலையிலயே சரியான மழை, வெயில் நாள்லயே அங்க உலக முடிவுன்னு சொல்ற செங்குத்து மலை விளிம்புல ஒம்போது பத்து மணிக்கு மூட்டம் மூடிரும், அதனால வேன்கார அண்ணனுக்கு கோல் எடுத்து நேரத்த மாத்திட்டோம். பிள்ளைங்களுக்கு அழுகையே வந்திருச்சு. அப்பாயிதான் அடுப்பு பக்கத்துல எல்லாரையும் உக்கார வச்சி தேங்கா ரொட்டி தட்டுனாங்க, மகள் கட்டசம்பல் இடிச்சா, பிளேன்டீய குடிச்சிக்கிட்டே அவங்க தேயிலைக் கொழுந்தெடுத்த காலத்து கதையெல்லாம் கேட்டோம், இவ்ளோ கதை அவங்ககிட்ட இருக்குன்னு பிள்ளைங்களுக்கு தெரியவே தெரியாது.

மழை விட்டதும் நுவரெலியாவுல இருந்து பதுளை ரோட்டுல சீதா எலிய கோயில்ல கும்பிட்டுட்டு ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கு போனோம், டவுன்ல இருந்து பத்து கிலோமீட்டர்தான். 1861ல சிங்கோனா மரம் வளர்க்கத்தான் அத தொடங்கினாங்களாம், மலேரியாவுக்கு குடுக்கிற கொய்னா அந்த மரப்பட்டையில இருந்துதான் எடுக்கிறது. ஹோட்டன்ல சுத்தி வர ஒம்போது கிலோமீட்டருக்கு மேல நடக்கணும், அப்பாயி வேன்லதான் இருந்திருப்பாங்க, இங்க மெதுவா ரோசாத் தோட்டம் வரைக்கும் எங்களோட வந்தாங்க, எனக்கு அதுதான் பெரிய சந்தோசம்.

ஹோட்டனுக்கு பொங்கல் முடிஞ்சு போறோம், ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் மழை குறைவு. வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க ஹக்கலவ முதல்ல பாருங்க, சுவெட்டர் கட்டாயம்.