வால்பாறை இருவாச்சி கூடு: லொக்கேஷன் போடலாமா கூடாதா?

டெலிலென்ஸ்: நேத்து நான் போட்ட இருவாச்சி (ஹார்ன்பில் பறவை) கூடு படத்தோட இருந்த மேப் லிங்கை எடுங்கன்னு ஆளாளுக்கு சொல்றீங்க. ரோட்டோரம் நின்னு எடுத்த படம்ங்க அது, வேலி தாண்டி காட்டுக்குள்ள போகல. இ-பாஸ் எடுத்து, ரூம் வாடகை குடுத்து, உள்ளூர் ஜீப் பிடிச்சுதான் வர்றோம், எங்களால அந்த ஊருக்கும் வருமானம்தான். லொக்கேஷனை மறைச்சா தெரிஞ்ச ஆளுங்க மட்டும் போய் பாத்துட்டே இருப்பாங்க, புதுசா வர்றவன் என்ன பண்ணுவான்?

காட்டுவழி: நண்பரே, நீங்க ரோட்டுலதான் நின்னீங்க, சரி. ஆனா இப்ப அது சாதாரண சீசன் இல்லயே. பெட்டை மரப்பொந்துக்குள்ள போய் தன் எச்சத்தையும் மண்ணையும் வெச்சு வாசலை அடைச்சுகிட்டு, அலகு நுழையுற அளவு ஒரு கீறல் மட்டும் விட்டு உள்ள உக்காந்திருக்கு, பறக்குற சிறகெல்லாம் உதிர்ந்து போயிருக்கும், அடைகாக்கவே 38லிருந்து 40 நாள், அதுக்கப்புறம் குஞ்சு வேற. அத்தனை நாளும் வெளியில இருந்து அத்திப்பழம் கொண்டு வந்து ஊட்டுற ஆணை நம்பித்தான் உள்ள இருக்கு. கீழ ஆள் நின்னா அது மரத்துக்கே வராம தள்ளி ஒரு கிளையில உக்காந்துக்கும்.

டெலிலென்ஸ்: நான் நின்னப்ப வந்துச்சு ப்ரோ, தொண்டைக்குள்ள இருந்து பழத்தை ஒண்ணொண்ணா எடுத்து ஊட்டுச்சு. அதை நேர்ல பாத்தவன் மரத்தை வெட்ட விடவே மாட்டான். பாத்தாதானே பாசம் வரும்?

எஸ்டேட் பையன்: நான் இந்த ஊர்க்காரன், அண்ணனுக்கு ஒண்ணு சொல்றேன். நீங்க ஒருத்தர் நின்னப்ப வந்துச்சு, மேப்ல போட்டப்புறம் வர்றது ஒருத்தர் இல்ல. மலைப்பாதையில 40 ஹேர்பின் இருக்கு, அதுல 9வதுல வரையாடு நிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், லீவு நாள்ல அங்க வந்து பாருங்க, காரை நடுரோட்டுல விட்டுட்டு ஆட்டுக்கு பக்கத்துல போய் செல்ஃபி எடுக்கறாங்க. வரையாடாவது பாறையில ஏறி தப்பிச்சுக்கும், பொந்துக்குள்ள இருக்கறது எங்க போகும்? இன்னொண்ணு, இது அவ்ளோ பெரிய பறவை, அதுக்கு ஏத்த பொந்து இருக்கணும்னா ரொம்ப வயசான மரமா இருக்கணும். சுத்திலும் தேயிலை, நடுவுல துண்டு துண்டா காடு, அந்த மாதிரி மரம் எத்தனை இருந்துடப் போகுது? கிடைச்சா வருஷா வருஷம் அதே மரத்துக்குத்தான் வரும். நீங்க போட்ட லிங்க் அடுத்த சீசனுக்கும் இருக்கும்.

டெலிலென்ஸ்: அப்போ யாருமே பாக்கக் கூடாதுன்னு சொல்றீங்களா?

சோலைக்குருவி: யாரும் அப்படி சொல்லல சார். மளுக்கப்பாறை தாண்டி கேரளா பக்கம் வாழச்சால்ல காடர் பழங்குடி மக்களே இருவாச்சி கூடுகளை காவல் பாக்கறாங்க, முன்னாடி குஞ்சு எடுத்துட்டு இருந்தவங்களும் அதுல உண்டு, வனத்துறை சம்பளம் குடுத்து வெச்சிருக்கு. கூடு இருக்கற இடம் அவங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனா ஊருக்கெல்லாம் பரப்ப மாட்டாங்க. வருமானம்னு சொன்னீங்களே, இதுவும் உள்ளூர்க்காரங்களுக்கு வருமானம்தானே.

டெலிலென்ஸ்: அது நல்ல ஏற்பாடு, ஒத்துக்கறேன். அதையே இங்கயும் பண்ணி, தூரமா ஒரு மறைவிடம் கட்டி டிக்கெட் போட்டு காட்டட்டும், நான் முதல் ஆளா வாங்கறேன். அது வர்ற வரைக்கும் கான்டாக்ட் இருக்கறவன் மட்டும் பாப்பான்ங்கறது எனக்கு நியாயமா படல.

காட்டுவழி: கான்டாக்ட் இருக்கறவன் போய் நின்னாலும் தப்புதான், அவனையும் சேத்துதான் சொல்றேன். நிறைய போட்டோ போட்டியில கூடு படத்தை எடுத்துக்கறதே இல்ல, காரணம் இதுதான்.

எஸ்டேட் பையன்: அண்ணே, பறவை வேணும்னா பழுத்த அத்திமரத்தை தேடுங்க. அங்க நீங்க நின்னு அது பயந்து போனாலும் வேற மரம் இருக்கு, கூட்டுக்கு வேற மரம் கிடையாது. மழை விட்டப்புறம் நவம்பர் பக்கம் வாங்க, அப்ப பெட்டை, ஆண் ரெண்டும் வெளியதான் சுத்தும், எஸ்டேட்டுக்கு மேலயே பறந்து போறதை பாக்கலாம், ஓடையோரம் சாம்பல் வாலாட்டிக் குருவி எல்லாம் வடக்கேயிருந்து வந்து சேந்திருக்கும். எந்த மரம் பழுத்திருக்குன்னு நானே சொல்றேன். லிங்கை மட்டும் இன்னைக்கே எடுத்துடுங்க.

டெலிலென்ஸ்: படத்தை நீக்க மாட்டேன், அது இருக்கும். மேப் லிங்கை மட்டும் மே மாசம் முடியற வரைக்கும் மறைச்சு வெக்கறேன்.

காட்டுவழி: மே வரைக்கும் போதாதுங்க. அடுத்த ஜனவரியில அதே பொந்துக்கு வரும்னு எஸ்டேட் பையன் இப்பதானே சொன்னார்.