கால்பந்தில் கிக்-ஆஃபுக்கு முன்: வார்ம் அப்பில் நீங்கள் பார்த்தது, பட்டது

லெஃப்ட் பேக்:
எங்கள் அணியின் விங்கர் பற்றித்தான். வழக்கம்போல வட்டமாக நின்று காலைப் பின்னால் மடக்கிப் பிடிப்பது, குனிந்து பாதத்தைத் தொடுவது எல்லாம் முடித்துவிட்டு இறங்கினோம். உள்ளங்கை தரையில் பதியக் குனிகிறவன் அவன் ஒருவன்தான். முதல் நீளமான பாஸ். நாலு எட்டு வேகமாக வைத்தான், தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பி, யார் உதைத்தது என்று பார்த்தான். பின்னால் ஒருவருமே இல்லை. எனக்கு அந்த முகம்தான் மறக்கவில்லை. ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்திருந்தது. அவ்வளவு வளைகிற உடம்புக்கே இப்படி ஆகுமா?

மிட்ஃபீல்ட்:
ஆகும். வளைவது வேறு, வேகத்தைத் தாங்குவது வேறு. ஓடும்போது கால் முன்னால் வீசி நீள்கிற அந்த நொடியில்தான் பின்தொடைத் தசை உடம்பின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. அதற்குப் பலம் வேண்டும். நின்ற இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் தசையின் உந்துவிசை சற்று நேரத்துக்குக் கொஞ்சம் குறையவே செய்யும். எனக்கும் கெண்டைக்கால் ஒருமுறை போயிருக்கிறது, அதை விடுங்கள்.

காயத்தைத் தடுக்க ஃபிஃபாவின் 11+ என்ற வார்ம் அப் தொகுப்பைச் செய்து பாருங்கள். மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம்: இடுப்பை வெளியே திருப்பி, உள்ளே திருப்பி, ஜோடியாகக் குதித்துத் தோளோடு தோள் இடித்து. அடுத்த 10 நிமிடம் பிளாங்க், ஒற்றைக்கால் நிற்றல், ஸ்குவாட், தாவல், அப்புறம் நார்டிக், அதாவது முட்டிபோட்டு மெதுவாக முன்னால் சாயும் பின்தொடைப் பயிற்சி. கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் திடீர்த் திருப்பமும். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆட்ட நாளில் மட்டும் செய்தால் போதாது, பயிற்சி நாட்களிலும் வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஓட்டப் பயிற்சிகள் மட்டும் போதும். நார்டிக்கை அன்றைக்குச் செய்து காலைக் களைப்பாக்காதீர்கள்.

கோல்கீப்பர்:
20 நிமிடமா? முந்தைய ஆட்டம் முடிந்து மைதானம் எங்கள் கைக்கு வருவதே விசிலுக்குக் கொஞ்சம் முன்னால்தான். பாதிப் பேர் அப்போதுதான் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் வார்ம் அப் எனக்குத் தெரியும். பெனால்டி பெட்டிக்கு வெளியே வரிசையாக நின்று ஆளுக்கொரு பந்து, முழு பலத்தோடு கோலை நோக்கி. நடுவில் நிற்கிற எனக்குக் கை இன்னும் சூடாகியிருக்காது. ஒரு நாள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்தார்கள். ஒன்றைப் பார்த்துத் தாவினேன், இன்னொன்று விரல் நுனியில் வந்து மோதியது. மோதிர விரல் பின்னால் வளைந்து நின்றதைப் பார்த்தேன், வலி அப்புறம்தான் வந்தது. ஆட்டமே தொடங்கவில்லை. முதலில் மெதுவாக நாலு பந்தைக் கைக்கு உருட்டிவிட யாருக்கும் பொறுமை இல்லை.

பெஞ்ச்:
பதினோரு பேரைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் காலையில் அவர்களோடு சூடாகி, அப்படியே உட்கார்ந்து ஆறிப்போகிறோம். 15 நிமிட இடைவேளைக்கே தசைச் சூடு 2 டிகிரி அளவுக்கு இறங்கும் என்கிறார்கள். முழு முதல் பாதியும் உட்கார்ந்திருந்தால்?

கோச், “ஜெர்சியைக் கழற்று, போ போ” என்றார். கோட்டோரம் ஒரு ஓட்டம்கூட இல்லை. உள்ளே போனதும் எதிராளியின் பந்துக்கு இடது காலை நீட்டினேன், தொடை இடுக்கில் சுருக்கென்றது. மாற்ற ஆள் தீர்ந்துவிட்டதால் நொண்டிக்கொண்டே கடைசிவரை நின்றேன். அந்தப் பக்கம் வழியாகத்தான் கோல் விழுந்தது. திட்டும் எனக்குத்தான்.

மிட்ஃபீல்ட்:
அதற்கு கோப்பன்ஹேகன் என்று ஒரு பயிற்சி உண்டு. ஒருக்களித்துப் படுத்து மேல் காலை ஜோடிக்காரர் பிடித்துக்கொள்ள...

கோல்கீப்பர்:
ஐயா, அவர் கேட்டாரா?

லெஃப்ட் பேக்:
நார்டிக் செய்து பார்த்தோம். அவன் முட்டிபோட, நான் கணுக்காலை அமுக்கிப் பிடித்தேன். மெதுவாக முன்னால் சாய வேண்டும், பாதிக்கு முன்பே தொப்பென்று விழுகிறான். உள்ளங்கை பதியக் குனிகிற அதே ஆள். கால் சரியாகிவிட்டது என்று பிசியோ சொல்லிவிட்டார், ஆனாலும் நீளமான பாஸ் வந்தால் ஓடமாட்டேன் என்கிறான். இதற்கு யாராவது வழி சொல்லுங்கள். இந்த முறை நானே கேட்கிறேன்.