பாதியில் நின்ற டி.ஏ. கால்பந்து சீசன்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

எடிசன் அப்பா:

2020 ஏப்ரல் 15. சித்திரை பிறந்த மறுநாள். முந்தின நாள் செய்த மாங்காய்ப் பச்சடி ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்தது. பையன் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அப்பா, டி.ஏ. முடிஞ்சுபோச்சு" என்றான். அந்த சீசனைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். மார்ச் நடுவிலேயே எல்லா ஆட்டத்தையும் நிறுத்தி வைத்திருந்தார்கள், மிச்சம் நடக்காது என்பது தெரிந்ததுதானே. அவன் சொன்னது அது இல்லை. லீக்கையே இழுத்து மூடிவிட்டார்கள்.

இப்போது சின்னப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போகும் பெற்றோருக்காகக் கொஞ்சம் பழங்கதை. டெவலப்மென்ட் அகாடமி, சுருக்கமாக டி.ஏ., அமெரிக்க சாக்கர் (கால்பந்து) சம்மேளனம் 2007-இல் இளம் ஆட்டக்காரர்களுக்காகத் தொடங்கிய தேசிய லீக். அமெரிக்க தேசிய அணிக்கு ஆடிய புலிசிக், மெக்கென்னி எல்லோரும் அதில் ஆடி வந்தவர்கள்தான். வருடத்தில் 10 மாதம் சீசன், வாரத்துக்கு 4 நாள் பயிற்சி. 2012-இலிருந்து பையன்களுக்கு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: இங்கே ஆடினால் பள்ளி டீமில் ஆடக்கூடாது. தனியார் பள்ளி மாணவர்கள் சிலருக்கு விலக்கு இருந்தது. நம் பையன் பப்ளிக் ஸ்கூல்.

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்டுவிட்டோம். அதன் விலை என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை. நியூ ஜெர்சியில் பள்ளி சாக்கர் செப்டம்பரில் தொடங்கிவிடும். ஒருநாள் அவனைக் கூட்டிப்போகப் பள்ளிக்குப் போனேன். கம்பிவேலிக்கு வெளியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். உள்ளே அவனுடைய கூட்டாளிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கோல் போட்டுவிட்டு வேலிப் பக்கம் ஓடிவந்து இவன் கையைத் தட்டிவிட்டுப் போனான். காரில் ஏறியதும், "அவனுக்கு லெஃப்ட் கால் வராது, இருந்தும் போட்டுட்டான்" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

பயிற்சிக்குப் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். ஹாட்பேக்கில் தயிர்சாதம், பின்சீட்டில் வேதியியல் புத்தகம். செயற்கைப் புல்லில் போடும் கறுப்பு ரப்பர்த் துகள் சாக்ஸ், சீட், வாஷிங் மெஷின் என்று எங்கும் ஒட்டியிருக்கும். ஒருதரம் சாம்பாரில்கூடக் கிடந்தது. கடுகு என்று நினைத்துக் கடித்துவிட்டேன்.

மூன்று வருடம் இப்படி. கடைசியில் ஒரு மின்னஞ்சல். கொரோனாவால் வந்த பண நெருக்கடி என்று காரணம் சொன்னார்கள். உங்கள் வீடுகளில் எப்படி இருந்தது? எழுதுங்கள்.

ஃபிரிஸ்கோ அம்மா:

அண்ணா, பையன்களுக்காவது பதிமூன்று வருடம் இருந்தது. பெண்கள் டி.ஏ. 2017 இலையுதிர் காலத்தில் தொடங்கியது, மூன்று சீசன்கூட முழுதாக ஓடவில்லை. பெண்களுக்கு ஏற்கெனவே ஈ.சி.என்.எல். என்ற வேறொரு தேசிய லீக் இருந்தது, அதில் ஆடினால் பள்ளியிலும் ஆடலாம். அதனால் கிளப்புகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போக ஆரம்பித்தன. "நாமும் போகலாமா" என்று மகள் கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். தேசிய சம்மேளனமே நடத்துவது எங்கே போய்விடும் என்று நம்பினேன்.

டெக்சாஸில் பள்ளி சீசன் ஜனவரியில். 2021-இல் மகள் முதன்முதலாகப் பள்ளி ஜெர்சி போட்டாள். அந்த டீம் நிஜமாகவே சுமார். பாஸ் கொடுத்தால் பந்து வேறெங்கோ போகும். ஆனால் மேட்ச் முடிந்து வரும்போது காரில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். டி.ஏ. நாளில் வீடு வரும்வரை, கோச் என்ன நினைத்திருப்பார் என்றே பேச்சு.

அப்புறம் அந்த வருடத்துக்குக் கட்டிய பணம். எங்கள் கிளப் பாதியைத் திருப்பித் தருகிறோம் என்றது. இன்னும் தந்துகொண்டே இருக்கிறது.

பெஞ்ச் பாய்:

நான் அந்த லீக்கில் ஆடிய பையன். இப்போது வேலைக்குப் போகிறேன், பே ஏரியா. தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் வந்தால் தமிழ்ப் பள்ளிக்கு மட்டம், அதனால் இலக்கணம் கொஞ்சம் வீக்.

டி.ஏ.-வில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு பிளேயரும் குறைந்தது 25 சதவீத ஆட்டங்களில் முதல் பதினொன்றில் இறங்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த 25 சதவீதத்திலேயே வாழ்ந்த பையனிடம் கேட்டுப் பாருங்கள். எந்த மேட்சில் என்னை இறக்குவார்கள் என்று அட்டவணை பார்த்தே சொல்லிவிடுவேன். கடைசி இடத்தில் இருக்கும் டீம் வருகிறதா, அன்றைக்கு நான் இருப்பேன். அம்மாவும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த நாள்களில் மட்டும் காலையில் பூரி போடுவாள்.

2020 மார்ச் 14 சனிக்கிழமை எனக்கு ஸ்டார்ட் என்று கோச் சொல்லியிருந்தார். எதிரணி இரண்டாம் இடத்தில் இருந்த டீம்! கணக்குக்காக இல்லாமல் எனக்குக் கிடைத்த முதல் ஸ்டார்ட். வியாழக்கிழமையே எல்லாம் நின்றுவிட்டது. எடிசன் அங்கிள், உங்கள் பையனுக்கு லீக் போனது வருத்தம். எனக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான்.

விசில் மாமா:

தம்பி, உன் தமிழ் நன்றாகவே இருக்கிறது.

நான் அந்த நாள்களில் வார இறுதி ரெஃப்ரி. பெரிய பையன்கள் பிரிவில் ஒருவனை வெளியே எடுத்தால் அவன் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான், கேட்டால் "ஐ அம் ஃபைன்" என்பான். வெளியே போனால் அன்றைய கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சில நேரம் ஷூ லேஸ் கட்டச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க அரை நிமிடம் கொடுப்பேன். விதிப்புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஒரு மேட்சில் ஆஃப்சைடு கொடுத்தேன். கோட்டுக்கு வெளியே ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "இந்த ஆளுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா" என்று சத்தமாகச் சொன்னார். விசிலை எடுத்துவிட்டு, "தெரியுதுங்க, மூணு அடி முன்னால நின்னான்" என்றேன். இடைவேளையில் முறுக்கு டப்பா ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது. மேட்ச் முடிகிற வரை திறக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஃபிரிஸ்கோ அம்மா:

விசில் மாமா, அது நான் இல்லை!

எடிசன் அப்பா:

பெஞ்ச் பாய், உன் பதிவைப் பையனிடம் காட்டினேன். "எந்த கிளப்னு கேளுப்பா" என்கிறான்.

அவன் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 இலையுதிர் காலத்தில், பன்னிரண்டாம் வகுப்பில், பள்ளி டீமில் சேர்ந்தான். சீசன் சுருங்கிப்போய் அக்டோபரில்தான் தொடங்கியது. அந்த லெஃப்ட் கால் வராத பையன்தான் கேப்டன். முதல் மேட்சில் இவனை ஸ்டார்ட் பண்ணவில்லை. மூன்று வருடமாக ஆடிவந்த பசங்களுக்குத்தான் முதலிடம் என்று கோச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம். அவனுக்கு இல்லை. இடைவேளைவரை பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்த ஆரஞ்சுச் சுளைகளைத் தின்றுகொண்டிருந்தான்.